தமிழ் ஓப்பன் சோர்ஸ் குழுவுக்குச் சொந்த சாட் சர்வர்: 2 ஜிபி ராம் போதுமா, எதை நிறுவுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: சுமார் 200 பேர் கொண்ட ஓப்பன் சோர்ஸ் குழு. பெரும்பாலோர் டெலிகிராமில், பழைய ஆட்கள் சிலர் இன்னும் ஐஆர்சியில். பேச்சு தமிழில். கேடிஇ, ஃபெடோரா தமிழாக்கத்தில் வேலை செய்கிறவர்களும் புதுக் கணக்கு தொடங்காமல் உள்ளே வர வேண்டும். இதற்கு 2 ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) போதுமா, எந்த மென்பொருளை நிறுவுவது? ராமுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: 2 ஜிபியில் ஓடும், ஆனால் மூச்சு முட்டும், 4 ஜிபி எடுங்கள். ராமைப் பிறகும் கூட்டிக்கொள்ளலாம். பிறகு மாற்றவே முடியாத சில முடிவுகள் நிறுவுகிற முதல் மணி நேரத்திலேயே வந்துவிடுகின்றன. அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ஐஆர்சி. 1988இல் பின்லாந்தில் தொடங்கிய அரட்டை நெறிமுறை, இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் தமிழுக்கு அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு செய்தி வரிக்கு உச்ச வரம்பு 512 பைட். அனுப்புநர் விவரம், சேனல் பெயர் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். ‘கி’ என்ற ஒரே உயிர்மெய் இரண்டு குறிகள், அதாவது 6 பைட். மிச்சமாக 400 பைட்டுக்குச் சற்று மேல் கிடைத்தாலும் 140 குறிகள் அளவில் வரி முடிந்துவிடும். சில கிளையன்ட்கள் அதைப் பிரித்து அனுப்பும். மற்றவற்றில் கடைசி எழுத்து பாதியில் அறுந்து கட்டமாகத் தெரியும். தவிர, நீங்கள் ஆஃப்லைனில் இருந்தபோது நடந்த பேச்சு, உங்களுக்காக எப்போதும் இணைப்பில் இருந்து அதைச் சேமிக்கும் பவுன்சர் என்ற நிரல் இல்லாவிட்டால் கிடைக்காது. புதிதாக வருகிற மாணவருக்கு பவுன்சர் என்றால் என்னவென்று விளக்குவதிலிருந்து தொடங்குவது நியாயமில்லை.

மீதி உள்ளவற்றில் உங்கள் நிலைக்குப் பொருந்துவன இரண்டு: தலைப்புவாரியாகப் பேசும் சூலிப், பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மேட்ரிக்ஸ். ஒரே திட்டத்துக்கான குழு, வெளி ஆட்கள் வரத் தேவையில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் யோசிக்காமல் சூலிப் என்றிருப்பேன். சேனலுக்குள் ஒவ்வொரு பேச்சும் ஒரு தலைப்பின் கீழ் போகும். காலையில் ஒருவர் எழுதியதற்கு இரவில் இன்னொருவர் பதில் போட்டாலும் தொடர்ச்சி அறுகாது. ரஸ்ட் மொழியின் குழுக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. உபுண்டு அல்லது டெபியன் உள்ள தனி மெஷினில் அதை நிறுவும் ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டினால் வேலை முடிந்தது. பேக்கப்புக்கும் ஒரே கட்டளை. அதன் ஆவணங்கள் சொல்லும் அளவு: குறைந்தது 2 ஜிபி ராம், 100 பேருக்கு மேல் என்றால் 4 ஜிபி ராமும் 2 சிபியுவும். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு அவர்களே தங்கள் கிளவுடில் இலவசமாக இடமும் தருகிறார்கள். அது கிடைத்தால் சர்வர் வைக்கும் பாடே இல்லை. பின்னால் எக்ஸ்போர்ட் செய்து சொந்த சர்வருக்கு எடுத்துப்போகவும் முடியும். உங்கள் குழுவில் சர்வரைக் கவனிக்க உறுதியாக இரண்டு பேர் இல்லையென்றால், மேலே படிக்காமல் இந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

ஆனால் கேடிஇ, ஃபெடோரா ஆட்கள் தங்கள் கணக்கோடு வர வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை. கேடிஇ 2019இல் மேட்ரிக்ஸுக்கு வந்தது. மொஸில்லா தன் ஐஆர்சி சர்வரை 2020 மார்ச்சில் மூடிவிட்டு அங்கேயே போனது. ஃபெடோராவும் அங்கேதான். அவர்களிடம் ஏற்கெனவே மேட்ரிக்ஸ் ஐடி இருக்கிறது. உங்கள் சர்வர் ஃபெடரேஷனில் (மற்ற மேட்ரிக்ஸ் சர்வர்களோடு இணைந்து) இருந்தால் நேராக உங்கள் ரூமுக்குள் வந்துவிடலாம். எனவே இனி மேட்ரிக்ஸை வைத்தே பேசுகிறேன். சர்வர் மென்பொருள் சினாப்ஸாக இருக்கட்டும். டென்ட்ரைட் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. ரஸ்டில் எழுதிய காண்டுயிட் குடும்பத்துச் சர்வர்கள் குறைந்த ராமில் ஓடும், உண்மைதான். ஆனால் காண்டுயிட்டிலிருந்து பிரிந்து பலர் நம்பியிருந்த காண்டுவுயிட் (conduwuit) 2025இல் நிறுத்தப்பட்டு அதன் கிளைகள் தொடர்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு டேட்டாபேஸை அப்படியே தூக்கிப்போக முடியாது. 200 பேரின் பேச்சை வைக்கிற இடத்துக்கு அந்த அபாயம் வேண்டாம்.

இப்போது மாற்ற முடியாத முதல் முடிவு: சர்வரின் பெயர். கான்ஃபிக் ஃபைலில் ‘சர்வர் நேம்’ என்று நீங்கள் கொடுப்பதுதான் ஒவ்வொரு உறுப்பினரின் ஐடியின் பின்பாதி. பின்னால் அதை மாற்ற வழியே கிடையாது. மாற்றினால் அது வேறொரு சர்வர், எல்லாரும் வேறு ஆட்கள். உங்கள் திட்டத்தின் டொமைன் ‘திட்டம்.ஆர்க்’ என்றால் அதையே கொடுங்கள். சினாப்ஸ் ஓடும் மெஷின் ‘மேட்ரிக்ஸ்.திட்டம்.ஆர்க்’ என்ற துணை டொமைனில் இருக்கலாம். நாளைக்கு விபிஎஸ் நிறுவனத்தை மாற்றினாலும் ஐடி மாறாது. இலவசமாகக் கிடைக்கும் டைனமிக் டொமைன், யாரோ ஒருவரின் சொந்த வலைப்பூ டொமைன் இரண்டும் கூடாது. டொமைனைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டுங்கள்; ரிஜிஸ்ட்ரார் கணக்கின் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். காலாவதியான டொமைனை வேறு யாராவது வாங்கினால் உங்கள் பெயரில் அவர் சர்வர் நடத்த முடியும்.

மெஷினுக்கு 2 சிபியு, 4 ஜிபி ராம், 80 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே 2 ஜிபி ஸ்வாப் என்று தொடங்குவது என் பரிந்துரை. இதில் ராமைத் தீர்மானிப்பது உங்கள் 200 பேர் இல்லை. அவர்களில் ஒருவர் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் பெரிய பொது ரூம் ஒன்றில் சேர்ந்தால் போதும். அந்த ரூமின் நிலைத்தகவல் (யார் உறுப்பினர், யாருக்கு என்ன அதிகாரம் போன்ற பதிவுகள்) முழுவதும் உங்கள் சர்வருக்கு வந்து சேரும், சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். இதற்கென்றே ‘லிமிட் ரிமோட் ரூம்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் வரம்பைத் தாண்டிய ரூம்களில் சேர சர்வர் மறுத்துவிடும். யார் ஆன்லைனில் இருக்கிறார் என்று காட்டும் ‘ப்ரெசன்ஸ்’ வசதியையும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். யாருக்கும் பெரிய பயன் இல்லை, சுமை மட்டும் கணிசம்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்தான். சினாப்ஸ் எஸ்கியூலைட்டிலும் எழும், ஆனால் அது சோதனைக்கு மட்டும். போஸ்ட்கிரெஸில் டேட்டாபேஸை உருவாக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 ஆகவும், கொலேட், சிடைப் இரண்டும் ‘சி’ ஆகவும் இருக்க வேண்டும்; டெம்ப்ளேட் ஜீரோவிலிருந்து உருவாக்க வேண்டும். வேறு லொகேல் (மொழி அமைப்பு) இருந்தால் சினாப்ஸ் கிளம்பவே மறுக்கும். இது வீண் பிடிவாதமில்லை: ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சி லைப்ரரி அப்டேட் ஆகும்போது அகரவரிசை விதிகள் மாறினால், பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். ‘சி’ லொகேலில் அந்தத் தொல்லை கிடையாது. தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக, அதாவது வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே கடத்துவதாக, வையுங்கள். 443இல் அது கேட்கும், உள்ளே லோக்கல்ஹோஸ்ட் 8008இல் சினாப்ஸ் கேட்கும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கே ஒற்றை எழுத்தில்: ‘ப்ராக்ஸி பாஸ்’ வரியில் 8008 என்ற எண்ணுக்குப் பிறகு ஒரு சாய்கோடு கூட இருக்கக் கூடாது. இருந்தால் என்ஜின்எக்ஸ் யூஆர்எல்லைத் தன் போக்கில் சீராக்கி அனுப்பும். அதிலுள்ள சதவீதக் குறியீடுகள் மாறிவிடும். வேறு சர்வர்கள் அனுப்பும் கோரிக்கையில் கையொப்பம் அந்த முகவரியையும் சேர்த்துப் போடப்பட்டிருப்பதால், சினாப்ஸ் சரிபார்க்கும்போது பொருந்தாது. உங்கள் சர்வருக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடும், வெளியிலிருந்து வருவது மட்டும் கையொப்பப் பிழையோடு திரும்பும். நாள்கணக்கில் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். இரண்டாவது, அப்லோடு அளவு. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி, சினாப்ஸுடையது 50 எம்பி. என்ஜின்எக்ஸிலும் 50 என்று வைக்காவிட்டால் போனில் எடுத்த படம் எதுவும் ஏறாது, லாகில் 413 என்று நிற்கும். சினாப்ஸ் அட்மின் ஏபிஐயின் பாதையை இணையத்துக்குத் திறக்க வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஹூக்கைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் டிஸ்கில் புதுச் சான்றிதழ் இருக்க, பழையது காலாவதியாகிச் சர்வர் வெளியுலகத்துக்குச் செத்துப்போகும்.

டொமைன் ஓரிடம், சர்வர் வேறிடம் என்பதால் இரண்டையும் இணைக்க உங்கள் வெப்சைட்டின் ‘.வெல்-நோன்’ ஃபோல்டருக்குள் ‘மேட்ரிக்ஸ்’ என்ற ஃபோல்டரில் இரண்டு சிறு ஜேசன் ஃபைல்கள் வேண்டும். ‘சர்வர்’ என்ற ஃபைல் மற்ற சர்வர்களுக்கு: ஃபெடரேஷனுக்கு எந்த முகவரி, எந்த போர்ட் என்று சொல்லும். அதில் 443 என்று எழுதிவிட்டால் 8448 போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை. ‘கிளையன்ட்’ என்ற ஃபைல் எலிமென்ட் போன்ற செயலிகளுக்கு. இதற்கு எந்த ஒரிஜினிலிருந்தும் படிக்கலாம் என்ற கார்ஸ் ஹெடர் வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசரில் லாகின் ஆகாது. உங்கள் வெப்சைட் ஜெக்கில் வழியாகக் கட்டப்படுவதானால் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டரை அது விட்டுவிடும். கான்ஃபிக்கில் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். முடித்ததும் மேட்ரிக்ஸ் ஃபெடரேஷன் டெஸ்டரில் உங்கள் டொமைனைக் கொடுத்துப் பாருங்கள். தவறாகப் போட்டுத் திருத்தினால், மற்ற சர்வர்கள் பழையதை ஒரு நாள் வரை கேஷில் வைத்திருக்கக்கூடும். அதுவரை பொறுங்கள், அதற்குள் மறுபடி மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணக்குப் பதிவை யாருக்கும் திறந்துவிடாதீர்கள். சரிபார்ப்பில்லாத திறந்த பதிவு உள்ள சர்வரை ஸ்பேமர்கள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு மற்ற சர்வர்கள் உங்கள் டொமைனையே தடைப்பட்டியலில் போடும், அதிலிருந்து வெளிவருவது பெரும்பாடு. டோக்கன் இருந்தால்தான் பதியலாம் என்ற அமைப்பு உங்களுக்குப் போதும். அல்லது திட்டத்தின் கிட்லேப் கணக்கு வழியாக ஒற்றை லாகின் வைக்கலாம். கடவுச்சொல்லை மீட்க மின்னஞ்சல் வேண்டும். பல விபிஎஸ் நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால் ஒரு மெயில் சேவையின் 587 போர்ட் வழியாக அனுப்புங்கள். ஐடியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டும்தான் செல்லும்; தமிழ்ப் பெயரைக் காட்சிப் பெயராக வைத்துக்கொள்ளலாம். இதை வரவேற்புக் குறிப்பிலேயே எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும்.

ரூம்களை உருவாக்குவதில்தான் இரண்டாவது, மூன்றாவது மாற்ற முடியாத முடிவுகள் இருக்கின்றன. 2025இல் வந்த ரூம் பதிப்பு 12இல் ரூமை உருவாக்கியவரின் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை, யாராலும் அதைப் பறிக்கவும் முடியாது. முந்தைய பதிப்புகளிலும் 100 அளவு அதிகாரம் உள்ள இருவர் ஒருவரையொருவர் இறக்க முடியாது. ஆகவே ரூம்களைத் தனிநபர் கணக்கிலிருந்து உருவாக்காதீர்கள். திட்டத்துக்கென ஒரு கணக்கு வைத்து அதிலிருந்து உருவாக்கி, கூட இன்னொரு சர்வரில் உள்ள நம்பகமான ஒருவரையும் உடன் உருவாக்கியவராகச் சேருங்கள். உங்கள் சர்வர் நாளைக்கு அழிந்தாலும் மற்ற சர்வர்களில் உறுப்பினர்கள் இருந்தால் ரூம் உயிரோடிருக்கும். ஆனால் அதிகாரம் முழுக்க உங்கள் சர்வர் ஐடிகளிடமே இருந்தால் அது நிர்வாகி இல்லாத அநாதை ரூமாகிவிடும்.

அடுத்தது என்க்ரிப்ஷன். ஒரு ரூமில் இதை ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது. யாரும் வரலாம் என்ற பொது ரூமில் அதனால் பாதுகாப்பு எதுவும் அதிகமாகாது, இழப்பு உண்டு. புதிதாக வருபவரால் பழைய பேச்சைப் படிக்க முடியாது, சர்வரில் தேட முடியாது, பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள், வேறு சாட் சேவைகளோடு இணைக்கும் பிரிட்ஜ்கள் எல்லாம் சிக்கலாகும். பொது ரூம்களில் போடாதீர்கள். மாடரேட்டர்கள் பேசும் ரூமில் போடுங்கள். பொது ரூமின் வரலாற்றை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்தால், முன்பே அதை எல்லாருக்கும் சொல்லிவிடுவது முறை. தொடக்கத்தில் நாலு ரூம் போதும்: அறிவிப்பு, பொதுப் பேச்சு, உதவி, டெவலப்மென்ட். இவற்றை, ரூம்களைத் தொகுக்கும் ஒரு ஸ்பேஸுக்குள் வையுங்கள். இருபது ரூம் திறந்து பதினாறு காலியாகக் கிடந்தால் வருகிறவர் திரும்பிப் போய்விடுவார்.

மாடரேஷனுக்கு டிராப்னிர் என்ற பாட்டை முதல் வாரமே நிறுவுங்கள். ஸ்பேம் அலை வந்த பிறகு நிறுவுவதற்கு நேரம் இருக்காது. பல ரூம்களில் ஒரே கட்டளையில் தடை போடலாம், வேறு குழுக்கள் பராமரிக்கும் தடைப்பட்டியல்களைப் பின்தொடரலாம். அதன் கட்டுப்பாட்டு ரூமை அழைப்பில்லாமல் யாரும் நுழைய முடியாதபடி வையுங்கள், ஏனென்றால் அந்த ரூமில் இருக்கும் எவரும் பாட்டுக்குக் கட்டளையிடலாம். சர்வர்களை மொத்தமாகத் தடுக்கும் ஏசிஎல்லைக் கையால் எழுதினால் அனுமதிப் பட்டியலில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் எல்லாச் சர்வர்களும், உங்களுடையதும் சேர்த்து, வெளியே தள்ளப்படும். உறுப்பினர்களிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு: ஃபெடரேஷனில் போன செய்தியை நீக்கினால் மற்ற சர்வர்கள் பெரும்பாலும் மதித்து நீக்கும், ஆனால் கட்டாயப்படுத்த வழியில்லை. வெளியிலிருந்து வரும் படங்கள் உங்கள் டிஸ்கில் நகலாகச் சேரும். ரிமோட் மீடியாவுக்கு 30 நாள் ஆயுள் வைத்தால் இடமும் மிஞ்சும், யாரோ போட்ட மோசமான படத்தை நீங்கள் சேமித்து வைத்திருக்கும் நிலையும் குறையும்.

டெலிகிராம் குழுவை ஒரே நாளில் மூடாதீர்கள். மாட்ரிக்ஸ் டெலிகிராம் (mautrix-telegram) என்ற பிரிட்ஜை ரிலே பாட் முறையில், அதாவது ஒரே பாட் எல்லார் செய்தியையும் கடத்தும்படி, நிறுவினால் இரு பக்கமும் பேசிக்கொள்ளலாம். டெலிகிராமில் பாட்களை அமைக்க உதவும் பாட்ஃபாதரிடம் அந்த பாட்டின் பிரைவசி மோடை நிறுத்திய பிறகே குழுவில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தன்னை விளித்த செய்திகள் மட்டுமே அதற்குக் கேட்கும், மேட்ரிக்ஸ் பக்கம் பேச்சு ஒருதலையாகத் தெரியும். பிரிட்ஜை நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கின் ஊழியர்கள் பெரும்பாலும் விலகி லிபரா சாட் தொடங்கியபோது ஏராளமான ஓப்பன் சோர்ஸ் சேனல்கள் இடம்பெயர்ந்தன. அந்த லிபராவுக்கும் மேட்ரிக்ஸுக்கும் இடையே இருந்த பெரிய பொதுப் பிரிட்ஜ் 2023இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த ரூம்கள் இரண்டாகப் பிளந்தன. பொதுப் பேச்சு ரூமுக்கு மட்டும் பிரிட்ஜ் வையுங்கள். டெவலப்மென்ட் பேச்சு மேட்ரிக்ஸில் மட்டும் நடந்தால் ஆட்கள் தானாக நகர்வார்கள்.

பேக்கப்பில் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும்: போஸ்ட்கிரெஸ் டம்ப், கான்ஃபிக் ஃபைல், கையொப்பச் சாவி, உங்கள் ஆட்கள் ஏற்றிய மீடியா. சாவி தொலைந்தால் தான் அதே சர்வர்தான் என்று மற்ற சர்வர்களிடம் நிரூபிக்க முடியாமல் உங்கள் சர்வர் திண்டாடும். டம்ப் எடுக்கும்போது என்க்ரிப்ஷனின் ஒருமுறைச் சாவிகள் உள்ள ‘இ2இ ஒன் டைம் கீஸ் ஜேசன்’ டேபிளின் தரவை மட்டும் விலக்குங்கள். பழைய டம்பிலிருந்து மீட்டால் ஏற்கெனவே செலவான சாவிகள் மறுபடி வழங்கப்பட்டு, என்க்ரிப்டட் செய்திகள் திறக்காமல் போகும். தினம் ஒரு டம்ப், அது வேறு நிறுவனத்தின் மெஷினில். மாதம் ஒருமுறை காலி மெஷினில் மீட்டுப் பாருங்கள், அப்போது அந்த மெஷினை இணையத்தோடு பேசவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் மேட்ரிக்ஸ்.ஆர்க் சர்வரின் டேட்டாபேஸே டிஸ்க் கோளாறில் விழுந்து பேக்கப்பிலிருந்து மீட்கப்பட்டது. எத்தனை நிபுணர்கள் இருந்தாலும் இது நடக்கும். சினாப்ஸ் பொதுவாக இரண்டு வாரத்துக்கொரு பதிப்பு விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டாம், பாதுகாப்பு வெளியீடுகளை மட்டும் அன்றே ஏற்றுங்கள். பதிப்பு தாண்டும் முன் அப்கிரேட் குறிப்புகளைப் படியுங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி அப்படி அடித்துச் சொல்ல முடியாதவை. 4 ஜிபி எவ்வளவு காலம் தாங்கும் என்பது நிலைத்தகவல் டேபிள் வளரும் வேகத்தைப் பொறுத்தது. டிஸ்க் 70 சதவீதம் ஆனதும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்; அந்த டேபிளைச் சுருக்க ரஸ்டில் எழுதிய தனிக் கருவி உண்டு. தேடல் தமிழில் அரைகுறைதான்: போஸ்ட்கிரெஸில் தமிழ்ச் சொற்களின் வேர் காணும் வசதி 12ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, ஆனால் சினாப்ஸ் ஆங்கில விதியைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் ‘சர்வர்’ என்று தேடினால் ‘சர்வரில்’ கிடைக்காது. சூலிப்பில் பிகுரூங்கா என்ற தேடல் நீட்சியைச் சேர்த்தால் இந்த நிலை மேம்படும். உங்கள் ஆட்கள் பழைய பேச்சைத் தேடியே வேலை செய்பவர்கள் என்றால் இதையும் எடைபோடுங்கள். 2023 மே மாதம் இந்திய அரசு முடக்கியதாகச் செய்தி வந்த 14 செயலிகளில் எலிமென்ட்டும் ஒன்று. அதனால் எலிமென்ட் வெப்பை உங்கள் சொந்த டொமைனிலேயே வைத்து, ஃப்ளஃபிசாட் போன்ற மாற்றுச் செயலி ஒன்றையும் வரவேற்புக் குறிப்பில் கொடுத்து, உறுப்பினர்கள் பயன்படுத்தும் நெட்வொர்க்குகளில் முன்பே சோதித்துவிடுங்கள். பொது சர்வர் நடத்துபவரின் சட்டப் பொறுப்பு என் துறை இல்லை; அதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உங்கள் வெப்சைட் எங்கே ஓடுகிறது, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும் கேள்வியில் சேர்த்தால், வெல்-நோன் ஃபைல்களையும் என்ஜின்எக்ஸ் பகுதியையும் அதற்கேற்பத் துல்லியமாக எழுதித் தருகிறேன்.